குப்பைக்கு எல்லை உண்டோ?

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பந்தி காத்திருக்கும் வேளையில் குப்பையைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் புன்னகை புரிவதைக் காண்கிறேன். உண்டபின் அவ்விலைகள் எங்கே செல்கின்றன என்பதே என் பேச்சு.

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழும் நமக்கு விளப்பில்சாலை தொலைவான ஊர் அன்று. திருவனந்தபுரம் நகரத்துக் குப்பையை 2000ஆம் ஆண்டு முதல் அங்கே கொண்டுசென்றார்கள். உரமாக்குவதாகத்தான் ஏற்பாடு. ஆலையால் ஈடுகொடுக்க இயலவில்லை. குப்பை மலையாய்க் குவிந்தது. கசிந்த கருநீர் ஓடையில் கலந்தது. நாற்றம் வீடுகளுக்குள் புகுந்தது. பொறுத்துப் பார்த்த ஊராட்சியே 2011 டிசம்பரில் ஆலை வாயிலைப் பூட்டிவிட்டது! 2012இல் காவலர் துணையோடு இயந்திரம் கொண்டுவர முயன்றபோது, பெண்கள் உள்ளிட்ட ஊர்மக்கள் திரண்டு வழிமறித்தனர்.

நாற்றத்தை மூக்கு அறியும். அதனோடு பிறக்கும் மீத்தேன் வாயுவை அறியாது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஈரக்கழிவு காற்றுப் புகாமல் அடியிற் புதைந்து அழுகும்போது நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்குகின்றன. குப்பைமேட்டு வாயுவில் ஏறத்தாழப் பாதி அதுவே. நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவினும் 27 மடங்குக்கு மேல் உலகைச் சூடேற்ற வல்லது. அடைபட்ட இடத்துக் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தால் வெடிப்பதற்கு ஒரு பொறி போதும். 2023 மார்ச் 2ஆம் நாள் கொச்சியின் பிரமபுரம் குப்பைமேட்டில் மூண்ட தீ, காரணம் எதுவாயினும், உள்ளாழத்தில் கனன்றுகொண்டே இருந்தது. பத்து நாட்களுக்கு மேல் நகரம் புகையில் தவித்தது.

2024 டிசம்பரில் திருவனந்தபுரத்து மருத்துவமனைக் கழிவுகள் நெல்லைச் சீமையில் கொடகநல்லூர், நடுக்கல்லூர் முதலிய ஊர்களில் கொட்டிக் கிடந்தன. பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டபின் கேரள அதிகாரிகளே லாரிகளில் அள்ளிச்சென்றனர். உடனே, "மலையாளத்தான் குப்பை" என்ற பேச்சு நம்மிடையேயும் எழுந்தது. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. விளப்பில்சாலையார் யார்? அவர்களும் மலையாளிகளே, தம் சொந்தத் தலைநகரின் குப்பையையே சுமந்தவர்கள். 1956இல் வகுத்த எல்லைக்கோடு இதில் குறுக்கே வரவில்லை. நகரம் கொட்டுகிறது, கிராமம் முகர்கிறது, வழக்கு அவ்வளவே.

வாயில் பூட்டப்பட்டபின், கொட்ட இடமற்ற அந்நகரம் வீட்டளவில் உரமாக்கவும், காற்றோட்டமுள்ள தொட்டிகளில் மக்கவைக்கவும் கற்றுக்கொள்ளத் தொடங்கியது. காற்றுப் படும்படி மக்கினால் மீத்தேன் பெரிதும் பிறப்பதில்லை.

கூடத்தின் பின்புறம் தென்னையடியில் கம்பிவலைக் கூண்டு ஒன்று நிறுத்தியிருக்கிறோம். எச்சில் இலையும் காய்ந்த சருகும் மாற்றி மாற்றி அடுக்கி, சாணக்கரைசல் தெளித்து, வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். பிளாஸ்டிக் குவளை ஒன்றுகூட அதில் விழக்கூடாது. பந்தி முடிந்ததும் இளைஞர் நால்வர் என்னுடன் வந்தால் போதும். மண்வெட்டி இரண்டு கொண்டுவந்திருக்கிறேன்.