தலைகீழாக நட்டது போல ஒரு மரம்



இன்றைக்கு ஒரு மரத்தின் கதை. அதன் பெயர் பெருக்க மரம். பொந்தன்புளி, ஆனைப்புளி என்றும் சொல்வார்கள். பெயரில் புளி இருக்கிறது. ஆனால் இது புளிய மரத்துக்கு உறவு இல்லை. இலவ மரத்துக்குத்தான் உறவு.

இதன் சொந்த மண் ஆப்பிரிக்கா. பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து நம் நாட்டுக்கு வந்துவிட்டது. மத்தியப் பிரதேசத்தில், தார் மாவட்டத்தில், மாண்டு என்று ஒரு கோட்டை ஊர். அங்கே இந்த மரங்கள் நிறைய நிற்கின்றன. இதன் பழத்தை மாண்டு இம்லி என்று சாலையோரம் வைத்து விற்கிறார்கள். இம்லி என்றால் புளி. பழத்துக்குள் வெள்ளை மாவு இருக்கும். நல்ல புளிப்பு.

நெல் கொட்டி வைக்கும் குதிரைப் பார்த்திருப்பீர்கள். இதன் அடிமரம் அந்த வடிவம்தான். மேலே கிளைகள் வேர் போலப் பரந்திருக்கும். வருடத்தில் பல மாதம் இலையே இருக்காது. கடவுள் கோபத்தில் பிடுங்கித் தலைகீழாக நட்டுவிட்டார் என்று ஆப்பிரிக்காவில் கதை சொல்வார்கள். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மைக் காரணம் தண்ணீர்ச் சிக்கனம். இலை இருந்தால் அதன் வழியே நீர் ஆவியாகப் போய்விடும். அதனால் வறண்ட காலத்தில் மரம் இலையை உதிர்த்துவிடுகிறது.

அடிமரம் தேக்கு போல வைரம் பாய்ந்தது அல்ல. மெத்தென்று, நீர் நிறைந்து இருக்கும். வறட்சியில் கொஞ்சம் சுருங்கும். மழையில் மறுபடி பருக்கும். மழை வருமுன்பே தளிர் விட அந்த நீர் உதவுகிறது. வேறு மரத்தில் சுற்றிலும் பட்டையை உரித்தால் பட்டுப்போகும். இதில் பட்டை உரித்துக் கயிறு திரிப்பார்கள். மரம் புதுப் பட்டை போர்த்திக்கொள்ளும்!

பூ மாலையில் மலரும். வெள்ளையாக, பெரிதாக, தலைகீழாகத் தொங்கும். இரவில் வௌவால் வந்து மகரந்தம் சேர்க்கும். மறுநாளே பூ வாடிவிடும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பெரிய மரத்தின் இலை கைவிரல் போல ஐந்து, ஏழாகப் பிரிந்திருக்கும். கன்றின் இலையோ ஒற்றை இலை. தாய் மரத்தடியில் முளைத்தாலும் அடையாளம் தெரியாது. களை என்று பிடுங்கிவிடுவார்கள். மிச்சத்தை ஆடு கடித்துவிடும். கிழ மரங்கள் நிற்கும், குட்டி மரம் இருக்காது.

கிழ மரங்களும் சாகின்றன. ஜிம்பாப்வே நாட்டில் பாங்கே என்ற மரம் சுமார் 2,450 ஆண்டு வாழ்ந்தது. 2011க்குள் விழுந்து செத்தது. ஆப்பிரிக்காவின் மிகப் பழைய 13 மரங்களில் 9 மரங்கள், 2005க்குப் பிறகு முழுதாகவோ பாதியாகவோ பட்டுவிட்டன. ஆராய்ச்சியாளர்கள் 2018இல் இதைச் சொன்னார்கள். வெப்பமும் வறட்சியும் கூடியது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் சந்தேகம்.

மாண்டுவில் வேறு தொல்லை. அந்தப் பக்கத்து மரங்களை வேரோடு பெயர்த்து ஹைதராபாத்துக்குக் கொண்டுபோக 2022இல் வேலை நடந்தது. ஊர் மக்கள் எதிர்த்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. மரம் புது இடத்தில் பிழைக்கலாம். பழம் விற்கிற மாண்டுப் பெண்கள் அங்கே போய்ப் பொறுக்க முடியுமா?

கன்றின் இலையையும் பெரிய மரத்தின் இலையையும் இந்தத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்திருக்கிறேன். பார்த்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுங்கள்.