தேர்ந்தெடுப்பவர் செலவு செய்யட்டும்



இன்று உங்கள் கைக்கு வரும் பட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. கல்லூரிக் கட்டணம் கட்டியவர் எல்லோருக்கும் இது கிடைத்துவிடவில்லை. தேர்வுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதி, செய்முறைத் தேர்வு முடித்து, அரியர் வைத்த தாளை மறுபடி எழுதித் தேறி, இதை நீங்கள் ஈட்டியிருக்கிறீர்கள். உங்களில் பலர் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அந்தப் பெருமையை யாரும் உங்களிடம் மலிவாக விலை பேசிவிடக் கூடாது என்ற கவலையில்தான், இன்று ஒரே ஒரு விஷயத்தைப் பேச வந்திருக்கிறேன்.

உங்களில் சிலருக்கு ஏற்கெனவே ஒரு மின்னஞ்சல் வந்திருக்கும். மற்றவர்களுக்கு இனி வரும். தலைமைப் பண்பு மிக்க இளைஞராக நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், வெளிநாட்டு நகரம் ஒன்றில் நடக்கும் இளைஞர் மாநாட்டில் நம் நாட்டின் பிரதிநிதியாகக் கலந்துகொள்ள வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். கடைசிப் பத்தியில் பதிவுக் கட்டணம் இருக்கும். விமானச் செலவும் விசாச் செலவும் தனி. பணம் கட்டக் கடைசி நாள் மிக அருகில் இருக்கும். வீட்டில் அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்பார். அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிப்பார். போகலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்வியை நமக்கு வெகுகாலம் முன்பே சந்தித்த நாடு அமெரிக்கா. 1956-ஆம் ஆண்டு அதிபர் ஐசனோவர் ‘பீப்பிள் டு பீப்பிள்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் படைகளை நடத்தி, அதன் அழிவைக் கண்ணால் கண்டவர் அவர். அரசுகள் மட்டும் பேசினால் போதாது, நாடு கடந்து சாதாரண மக்கள் பழகினால்தான் போர் குறையும் என்று நம்பினார். பிற்காலத்தில் அந்தப் பெயரைப் பயன்படுத்தும் உரிமம் பெற்று, ஸ்போகேன் நகரின் அம்பாசடர்ஸ் குரூப் என்ற நிறுவனம் பள்ளி மாணவர்களை வெளிநாடுகளுக்கு அழைத்துச் சென்றது. அது பங்குச் சந்தையில் இருந்த நிறுவனம். உங்கள் பிள்ளை மாணவத் தூதராகப் பரிந்துரைக்கப்பட்டிருக்கிறார் என்று வீடுகளுக்குக் கடிதம் போகும். பயணத்துக்குப் பல ஆயிரம் டாலர் கட்ட வேண்டும். யார் பரிந்துரைத்தார், எதற்காக என்று அயோவா மாநிலத்தில் அரசின் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் விசாரிக்கும் அளவுக்குப் புகார் எழுந்தது. எப்போதோ இறந்துபோனவர் பெயருக்கும்கூட அப்படி ஒரு கடிதம் வந்திருந்தது. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலிலிருந்து கடிதம் போனால் அப்படித்தான் நடக்கும். 2015-இல் அந்த நிறுவனம் கலைக்கப்பட்டது.

அந்தப் பயணங்கள் பொய்யானவை அல்ல. பிள்ளைகள் உண்மையிலேயே ஊர்களைப் பார்த்தார்கள், நண்பர்களைப் பெற்றார்கள், பலர் அதை மகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறார்கள். தவறு பயணத்தில் இல்லை, ‘உன்னைத் தேர்ந்தெடுத்தோம்’ என்று சொன்னதில் இருந்தது. ஒரு சுற்றுலாவைச் சுற்றுலா என்று சொல்லி விற்றிருந்தால் குறை சொல்ல ஏதும் இல்லை. விருது என்று சொல்லி விற்றார்கள். ஊரில் நிதி திரட்டியும் சேமிப்பைக் கரைத்தும் பணம் கட்டிய குடும்பங்கள், பிள்ளைக்குக் கிடைத்த மரியாதையை இழந்துவிடக் கூடாது என்ற பயத்தில்தான் கட்டின.

அதே நாட்டில் இதற்கு நேர்மாறான ஏற்பாடுகளும் இருக்கின்றன. 1962-இல் உருவான செனட் இளைஞர் திட்டத்தில், மாநிலத்துக்கு இரண்டு மாணவர்களை எடுத்து ஒரு வாரம் வாஷிங்டனுக்கு அழைத்துச் செல்கிறார்கள். செலவு முழுவதும் ஹர்ஸ்ட் அறக்கட்டளைகளுடையது. அதோடு படிப்புக்கு 10,000 டாலர் உதவித்தொகையும் தருகிறார்கள். விண்ணப்பிக்க ஒரு நிபந்தனை உண்டு. அந்த ஆண்டில் மாணவர் பேரவையிலோ பொது அமைப்பிலோ ஒரு பொறுப்பை ஏற்று நடத்திக்கொண்டிருக்க வேண்டும். முதலில் பொறுப்பு, பிறகுதான் பயணம். முன்னாள் படைவீரர்களின் அமைப்பான அமெரிக்கன் லீஜியன் நடத்தும் ‘பாய்ஸ் நேஷன்’ முகாமுக்கு 1963-இல் ஆர்கன்சா மாநிலத்திலிருந்து வந்த 16 வயதுப் பையன் ஒருவன், வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அதிபர் கென்னடியின் கையைக் குலுக்கினான். அவன் பெயர் பில் கிளின்டன். அவனை அங்கே கொண்டு வந்து நிறுத்தியது சக மாணவர்களின் வாக்கு.

நமக்கும் இத்தகைய கதவுகள் திறந்திருக்கின்றன. 2002-இல் தொடங்கிய கென்னடி-லூகர் திட்டத்தில் நம் பள்ளி மாணவர்கள் ஒரு கல்வியாண்டு முழுவதும் அமெரிக்கக் குடும்பங்களோடு தங்கிப் படிக்கிறார்கள். செலவை அந்த நாட்டு அரசு ஏற்கிறது. பட்டம் பெற்ற உங்களுக்கு ஃபுல்பிரைட்-நேரு, பிரிட்டனின் செவனிங், ஜெர்மனியின் டாட், ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் ஆகிய உதவித்தொகைகள் இருக்கின்றன. சிலவற்றுக்கு வேலை அனுபவமும் வேண்டும். விண்ணப்பம் எழுதவே பல வாரம் ஆகும், நேர்காணல் கடுமையாக இருக்கும், பெரும்பாலோர் முதல் முறை தேற மாட்டார்கள். அந்தக் கடினம்தான் அவற்றின் மதிப்பு.

இதற்குள் இருக்கும் கணக்கு எளிமையானது. தேர்ந்தெடுப்பவர் தன் பணத்தைச் செலவு செய்தால், தவறான ஒருவரை எடுப்பது அவருக்கு நட்டம். ஆகவே அலசிப் பார்த்து எடுப்பார். தேர்ந்தெடுக்கப்படுபவர் பணம் கட்டினால், இன்னும் ஒருவரைச் சேர்ப்பது அமைப்பாளருக்கு லாபம். யாரையும் மறுக்க அவருக்குக் காரணமே இருக்காது. மறுப்பே இல்லாத இடத்தில் தேர்வு என்று ஒன்று நடப்பதில்லை.

அப்படியானால் பணம் கட்டிப் போவதே கூடாதா என்று கேட்பீர்கள். வசதி இருந்தால், அந்தப் பயணத்தில் கற்கக்கூடியது இருந்தால், கண் திறந்து போங்கள். ஊர் பார்ப்பது நல்லது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு போங்கள்: நான் என் காசில் ஒரு பயணம் போகிறேன். கடன் வாங்கி, நகையை வைத்து, தங்கையின் படிப்புக்கு இருந்த பணத்தை எடுத்துப் போகாதீர்கள். அங்கே கிடைக்கும் சான்றிதழ் அந்தக் கடனை அடைக்காது.

அழைப்பு வந்தால் சில கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். என் எந்த வேலையைப் பார்த்து என்னைத் தேர்ந்தெடுத்தீர்கள்? என் பெயரைச் சொன்னவர் யார்? எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை மறுத்தீர்கள்? கட்டணத்தில் விடுதிக்கும் உணவுக்கும் போவது எவ்வளவு? வர முடியாமல் போனால் பணம் திரும்பக் கிடைக்குமா? விசா மறுக்கப்பட்டால்? ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் இருந்தால், அது நடத்துகிறதா, அரங்கத்தை மட்டும் வாடகைக்குக் கொடுத்திருக்கிறதா என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். நேர்மையானவர்கள் பதில் சொல்வார்கள். கேள்வி கேட்டதற்கே சினந்து, இடம் போய்விடும் என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் உங்களுக்கு வேலை இல்லை.

பயணத்தைப் பற்றிப் பேசும்போது, தமிழ்ப் பயண எழுத்தாளர் ஏ. கே. செட்டியாரைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1937-இல் நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்தபோது, காந்தியைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். காந்தி தொடர்பான படச்சுருள்கள் எந்தெந்த நாட்டில் சிதறிக் கிடக்கின்றனவோ அங்கெல்லாம் தேடிப் போனார். 1940-இல் அந்தப் படத்தை முடித்தார். எந்த மேடையும் அவரை இளம் தலைவர் என்று அழைத்து வைத்திருக்கவில்லை. மனதில் ஒரு வேலை இருந்தது. அந்த வேலை அவரை நாடு நாடாகக் கொண்டுபோனது. நீங்களும் ஒரு வேலையை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

தலைமைப் பண்பு எங்கே வளர்கிறது என்பதற்கு இந்தக் கல்லூரியிலேயே விடை இருக்கிறது. 1969-இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டத்தில் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் உழைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஏழு நாள் முகாமில் ஒரு கிராமத்துப் பள்ளியில் தங்கி, நாற்பது ஐம்பது பேருக்கு நேரத்தில் சாப்பாடு ஏற்பாடு செய்து, வாய்க்கால் தூர்வாரும்போது சண்டை போட்ட இருவரைச் சமாதானம் செய்து, ஊர்ப் பெரியவரிடம் பணிவாகப் பேசித் தண்ணீர் லாரி வரவழைத்தவர் யாரோ, அவர் தலைவர். மாநாட்டு அரங்கில் ஐந்து நாள் பழகிப் பிரிபவர்கள் நம் தவறுகளைச் சுமக்க மாட்டார்கள். முகாமில் நாம் தவறினால், அடுத்த நாளும் அதே முகங்களைப் பார்த்தாக வேண்டும். பொறுப்பு என்பதை அங்கேதான் கற்கிறோம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்னும் சில ஆண்டுகளில் மேசையின் மறுபக்கத்தில் நீங்கள் உட்காருவீர்கள். ஆசிரியர்களாக, மனிதவள அலுவலர்களாக, நேர்காணல் செய்பவர்களாக, பெற்றோர்களாக இருப்பீர்கள். விலைக்கு வாங்கிய கௌரவங்களுக்கு அப்போது நீங்கள் மதிப்புக் கொடுக்காவிட்டால், இந்தச் சந்தை தானாகவே சுருங்கும். எந்த நாட்டுக்குப் போனாய் என்று கேட்பதற்கு முன்னால், யாருக்காக என்ன செய்தாய் என்று கேளுங்கள். பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்துக்கொண்டே படித்த பையனின் பதிலை, சான்றிதழ்க் கோப்பு தடிமனாக உள்ளவரின் பதிலுக்குச் சமமாக உட்கார வைத்துக் கேளுங்கள். வசதி இல்லாத திறமைசாலி ஒருவரை உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் செலவில் அவரை ஒரு நல்ல இடத்துக்கு அனுப்பி வையுங்கள்.

நீங்கள் உலகம் எல்லாம் போக வேண்டும். உங்கள் உழைப்பைப் பார்த்து, உங்களுக்காகச் செலவு செய்ய முன்வருகிறவர்கள் அழைத்துப் போக வேண்டும். அதற்குத் தகுதியானவர்கள் நீங்கள் என்று முழு மனதோடு நம்புகிறேன். உங்களுக்கும், உங்களை இந்த நாள்வரை கொண்டுவந்து சேர்த்த பெற்றோர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் நல்வாழ்த்துகள்.