மழைக்காட்டின் செல்வமும் வன்னிக்காடும்

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மாங்குளத்திலே வளர்ந்த நமக்குக் காடு புதிதன்று. பாலையும் வீரையும் முதிரையும் கருங்காலியும் நாளும் கண்ட மரங்களே. ஆயின், அயனமண்டல மழைக்காடு என நூல்கள் கூறுவது இக்காட்டை அன்று. நமக்கு மாரி சில மாதங்களே பெய்து ஓயும். மழைக்காட்டைக் காண வேண்டின் இலங்கையின் தென்மேற்கிலுள்ள சிங்கராஜ வனத்திற்குச் செல்லல் வேண்டும். அங்கே ஆண்டிற்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகின்றது.

அவ்வனத்தில் 25 ஹெக்டேயர், அதாவது ஏறக்குறைய 62 ஏக்கர் நிலத்தை அளந்தெடுத்து, சுண்டுவிரற் பருமனுள்ள கன்று முதலாக ஆராய்ச்சியாளர் எண்ணினர். மரங்கள் இரண்டு இலட்சம் அளவின. இனங்களோ 200க்கு மேற்பட்டன. அவற்றுட் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை.

மண்வளமே இதற்குக் காரணம் என எண்ணத் தோன்றும். உண்மை அதற்கு மாறானது. ஓயாத மழை மண்ணின் சத்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். செல்வம் பெரும்பாலும் மரங்களிலேயே இருக்கின்றது. விழுந்த இலை விரைவில் உக்க, மேலோடிய வேர்கள் அதன் சத்தை மீண்டும் உறிஞ்சிக்கொள்கின்றன. மரத்தை வெட்டிக் கொண்டுபோனால் முதலும் கூடவே போய்விடும்.

இத்தனை இனங்கள் ஒரே நிலத்தில் எவ்வாறு வாழ்கின்றன? 1970 இல் ஜான்சன் என்பாரும் 1971 இல் கொனெல் என்பாரும் தனித்தனியே ஒரு விளக்கம் கூறினர். தாய்மரத்தின் கீழே அதன் விதையைத் தின்னும் பூச்சியும் கன்றைக் கெடுக்கும் நோயும் மிகுந்திருக்கும். ஆதலின் அங்கே தன் பிள்ளை தழைப்பது அரிது. அயலான் பிள்ளையே தழைக்கும். (பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றி நம்மூரிலும் இவ்வாறு சொல்வதுண்டு!) இதனால் எந்த ஓரினமும் காட்டை முழுதாய்ப் பிடித்துக்கொள்வதில்லை. பல இனங்களில் மரங்கள் மிகச் சிலவே.

"காடு நிறைய மரம் நிற்கின்றதே, கொஞ்சம் தறித்தால் என்ன?" என்பார்க்கு விடை இதிலே இருக்கின்றது. கொஞ்சம் என்று தறிப்பது ஓரினத்தின் முழுக்குடியாகவும் இருக்கலாம். சிங்கராஜாவிலும் 1970களின் முற்பகுதியில் ஒட்டுப்பலகைக்காக மரந்தறித்தனர். எதிர்ப்பு வலுக்க, 1977 இல் அது நிறுத்தப்பட்டது. 1988 இல் யுனெஸ்கோ அவ்வனத்தை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது.

நிறுத்தியதன் பயனை ஓர் ஆந்தையிடம் கேட்கலாம். தீபால் வரக்காகொட என்னும் பறவையியலாளர் 1995 இல் மழைக்காட்டில் முன்னர் அறியாத ஒரு குரலைக் கேட்டார். அக்குரலுக்குரிய பறவையை அவர் கண்ணாற் கண்டது 2001 இல், சிங்கராஜாவில். 2004 இல் அது புதிய இனமென உலகிற்கு அறிவிக்கப்பட்டது. அங்குள்ள செடித்தவளைகளும் விந்தையானவை. அவற்றுட் பல ஈரமண்ணில் முட்டையிடும். முட்டையிலிருந்து வாற்பேய் வருவதில்லை. சிறு தவளையே வெளிவரும். அவற்றிற்குக் குளம் வேண்டா, ஈரம் வேண்டும். நிழல் போனால் ஈரமும் போகும்.

இதனாற் நம் காடு தாழ்ந்ததாகி விடாது. நீண்ட கோடையிலும் பச்சை மாறாது நிற்கும் பாலையையும் வீரையையும் மழைக்காட்டிற் காணமுடியாது. பாலை பழுத்தாற் கரடி மரமேறும். 2009 இல் போர் முடிந்தபின், குடியிருப்பிற்கும் வீதிக்கும் விறகிற்குமாக வன்னிக்காடு பல இடங்களிற் குறைந்தது. மக்களுக்கு வீடு வேண்டியதே. அதை நாம் மறுக்கவில்லை. எதை வெட்டினோம் என்ற கணக்காவது வேண்டாவா?

மிஷன் பாடசாலையிற் படித்த நாம் வீரையின் இலத்தீன் பெயரைச் சொல்வோம். எந்தப் பட்டை எந்த நோய்க்கு, எந்தப் பூவில் எப்போது தேன் என்பது இச்சபையிலுள்ள பெரியோர்க்கே தெரியும். இரண்டையும் ஒரே கொப்பியில் எழுத விரும்புகின்றோம். வரும் விடுமுறையிற் கோயிற் காணியிலிருந்து தொடங்குவோம். காட்டுக்குள் மிதிவெடி அகற்றி முடிந்த இடங்களில் மட்டுமே நடப்போம். வழிகாட்ட விரும்பும் பெரியோர், கூட்டம் முடிந்ததும் தம் பெயரைத் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.