கிணற்றடியில் ஒரு கணக்கு
(வட்டார வளமையத்தில் அறிவியல், கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



வேலை, ஆற்றல், திறன் என்ற பாடத்தை நாம் எல்லோரும் நடத்துகிறோம். கரும்பலகையில் ஒரு பெட்டியை வரைந்து, அதை அம்புக்குறி போட்டுத் தள்ளுகிறோம். பள்ளிக்கு வெளியே நாலு திசையிலும் பம்புசெட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டேதான் பெட்டியைத் தள்ளுகிறோம்!

சென்ற பருவத்தில் என் மாணவர்களை ஊர்க் கிணறு ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். கொண்டுபோனவை 200 லிட்டர் பீப்பாய், கைக்கடிகாரம், கல் கட்டிய கயிறு, அவ்வளவுதான். அதே மாதிரிக் கணக்கை இங்கே எளிய எண்களில் சொல்கிறேன்.

பீப்பாய் 40 வினாடியில் நிரம்புகிறது. அப்படியானால் மணிக்கு 18,000 லிட்டர். கிணற்று நீர்மட்டத்திலிருந்து குழாய் வாய் வரை 30 மீட்டர். இந்த நீரை மேலே தூக்கத் தேவையான ஆற்றல் 18,000 × 9.8 × 30, அதாவது சுமார் 53 லட்சம் ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் 36 லட்சம் ஜூல் என்பதால், ஏறக்குறைய ஒன்றரை யூனிட் போதும். ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள மீட்டர்களோ 415 வோல்ட், 7.5 ஆம்பியர் காட்டுகின்றன. திறன் காரணியை 0.8 என்று கொண்டால் மணிக்கு 4.3 யூனிட் செலவு. மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீரைத் தூக்குகிறது.

மிச்சம் எங்கே போகிறது? பிள்ளைகளே தேடட்டும். பலமுறை காயில் கட்டிய மோட்டார் சூடாகிறது. இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது. ஃபுட் வால்வில் குப்பை. எனக்கு மிகவும் பிடித்தது குழாய்தான். அதே அளவு தண்ணீரைப் பாதி விட்டமுள்ள குழாயில் தள்ளினால் உராய்வு இழப்பு இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் சொல்வார்கள். உண்மையில் அது சுமார் 30 மடங்கு. மலிவாகக் கிடைத்தது என்று சின்னக் குழாய் போட்டவர் அதன் விலையைத் தினமும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

அப்போது ஒரு மாணவி கேட்டாள்: “கரண்டுக்குத்தான் காசு இல்லையே சார், அப்புறம் எதுக்கு அளக்கணும்?”

நியாயமான கேள்வி. 1990 முதல் நம் மாநிலத்தில் உழவர்கள் எல்லோருக்கும் மின்சாரம் இலவசம். அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. பல குடும்பங்கள் நிலத்தில் நிற்பதே அதனால்தான். அந்தப் பிள்ளைக்கு வேறொரு கணக்குக் கொடுத்தேன். ஒரு ஏக்கரில் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்ட இரண்டு லட்சம் லிட்டர் வேண்டும். இந்த மோட்டார் எத்தனை மணி நேரம் ஓட வேண்டும்? பதினொரு மணி நேரம். “உங்க அப்பா எப்பம்மா தண்ணி கட்டப் போவார்?” என்றேன். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தில், பல நாள் நள்ளிரவில், டார்ச் விளக்கோடு. வரப்பில் பாம்பு கிடக்கும் என்று அவளே சொன்னாள். அதன் பிறகு அளப்பதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை.

நெல் வயல் உள்ள ஊர் ஆசிரியர்களுக்கு இன்னொரு கருவி. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டும் முறை தெரிந்ததுதான். அதற்கு 30 சென்டிமீட்டர் நீளப் பிவிசி குழாய்த் துண்டின் கீழ்ப்பகுதியில் துளையிட்டு, வயலில் பதித்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பிறகு அடுத்த பாய்ச்சல். பூக்கும் தருணத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். ஒரு பாய்ச்சல் குறைந்தால் பதினொரு மணி நேரமும் சுமார் 48 யூனிட்டும் மிச்சம். அளவுகோலை வைத்துத் தினமும் குறித்துவர ஆறாம் வகுப்புப் பிள்ளையே போதும்.

சொட்டுநீரைப் பற்றியும் கேட்பார்கள். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியமே உண்டு. நல்ல முறைதான், ஆனால் வகுப்பில் மந்திரம் போலச் சொல்லிவிடாதீர்கள். வடிகட்டி அடைத்தால் மோட்டார் கூடுதல் அழுத்தத்துக்குத் திணறும். மிச்சமான தண்ணீரில் இன்னும் இரண்டு ஏக்கர் வாழை வைத்தால் கிணற்றில் மட்டம் உயராது. இதை விவாதமாக நடத்திப் பாருங்கள். எங்கள் வகுப்பில் இரண்டு பாடவேளை ஓடியது.

கடைசியாக ஒரு கண்டிப்பு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். கயிற்றைத் தோட்டக்காரர்தான் இறக்க வேண்டும். ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிள்ளைகள் தொடவே கூடாது. எட்டி நின்று முள்ளைப் படித்தால் போதும். தலைமையாசிரியரின் அனுமதியும் பெற்றோரின் ஒப்புதலும் எழுத்தில் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு கிணற்றின் அளவுகளை எடுத்துவந்தால், அடுத்த கூட்டத்தில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.