பன்னீர்த் திராட்சையும் மஞ்சளும் புற்றுநோயும்

(ஜமாஅத்தின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



முல்லைப் பெரியாற்று நீர் கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தல்களை நனைத்துவிட்டே நமது வைகை அணைக்கு வந்து சேர்கிறது. அங்கு விளையும் பன்னீர்த் திராட்சை 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதன் கருந்தோலில் ஆந்தோசயனின், ரெஸ்வெரட்ரால் முதலிய பொருள்கள் உள்ளன. ரெஸ்வெரட்ரால் எலிகளின் தோலில் புற்றுக்கட்டிகள் உண்டாவதைக் குறைத்ததாகச் சிகாகோ ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்டனர். இன்று அது மாத்திரையாக விற்கப்படுகிறது. மஞ்சளிலுள்ள குர்குமினும் அவ்வாறே.

காயம்பட்ட இடம் சிவந்து வீங்குவது அழற்சி. அது உடலின் தற்காப்பு. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆறாமல் நீடிக்கும் அழற்சி உயிரணுக்களைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வழிகோலும். குர்குமின் இதனைத் தணிப்பது ஆய்வுக்கூடத்தில் காணப்பட்ட உண்மையே.

நாம் அறிந்த பெரியவர் ஒருவர், கன்னத்தின் உட்புறம் வெள்ளைத் திட்டு தோன்றியபோது இந்த உண்மையை மட்டும் நம்பினார். எட்டு மாதங்கள் மஞ்சளும் மிளகும் சேர்ந்த சூரணம் உண்டார். வாயில் புகையிலை அடக்குவதை விடவில்லை. மருத்துவரிடம் சென்றபோது கழுத்தில் கட்டிகள் பரவியிருந்தன. அவர் இன்று நம்மிடையே இல்லை.

மஞ்சளில் குர்குமின் நூற்றுக்குச் சுமார் 3 பங்குதான். அதுவும் குடலிலிருந்து இரத்தத்தில் எளிதில் சேர்வதில்லை. 2 கிராம் குர்குமினுடன் மிளகின் பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, இரத்தத்தில் சேரும் அளவு இருபது மடங்கு உயர்ந்ததாகப் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர் 1998இல் கண்டனர். (மிளகு ஆணம் வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இச்சேர்க்கை புதிதன்று!) எனினும், இரத்தத்தில் சேர்வது வேறு, நோயைத் தடுப்பது வேறு. குர்குமின் மனிதருக்குப் புற்றுநோய் வராமல் தடுக்கும் என்று இதுவரை நிறுவப்படவில்லை.

தாவரச் சத்துதானே, தீங்கு என்ன என்று கேட்கலாம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994இல் வெளியாயிற்று. கேரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டினை மாத்திரையாக நாள்தோறும் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது! கேரட்டை உண்பதற்கும் அதன் சாரத்தைப் பிழிந்து அளவின்றி விழுங்குவதற்கும் உள்ள வேறுபாடு இதுவே.

ஆகவே திராட்சையை நன்கு கழுவித் தோலோடு உண்போம். இஞ்சி, பூண்டு, வெந்தயம், மஞ்சள் சேர்ந்த நோன்புக் கஞ்சியும் நல்லுணவே. ஆனால் இவற்றுள் எதுவும் புகையிலையின் கேட்டினை ஈடுசெய்யாது. புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அறிக்கை வெளியிட்டுள்ளது. நிக்காஹ் வீடுகளில் பாக்குத் தட்டு வைப்பதை ஜமாஅத் மறுபரிசீலனை செய்ய வேண்டுமென்று நாம் கோருகிறோம்.

வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ, ஆறாத புண்ணோ மூன்று வாரங்களுக்கு மேல் இருந்தால் காலம் கடத்தாதீர்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு அருகில், கானாவிலக்கில்தான் உள்ளது.