ஆசிட் ஊற்றிய பாலும் உயிரணுவின் நூலும்



மூளையில் கட்டியோடு படுத்திருந்த சிறுவனைப் பார்க்க ஈப்போவுக்குப் போயிருந்தேன். வந்த உறவினர் ஒருவர் தாயிடம், "உங்க குடும்பத்தில் யாருக்கு இருந்தது?" என்று கேட்டார். அந்தத் தாய் தலைகுனிந்து கொண்டார். அவருக்காகத்தான் இன்று பேசுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும். பால் வழியிலேயே உறையாமலிருக்க அமோனியா சேர்ப்போம். ஸ்டோரில் ஆசிட் ஊற்றினால் தயிர்போல் திரண்டுவிடும். ரப்பர்த் துகள்கள் எதிர்மின் ஏற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளி நிற்கும். ஆசிட் அந்த ஏற்றத்தைப் போக்கியதும் ஒட்டிக்கொள்கின்றன.

உயிரணுவிலும் இந்த ஆபத்து உண்டு. ஓர் உயிரணுவின் டி.என்.ஏ. நூலை நீட்டினால் சுமார் 2 மீட்டர் வரும். அது எதிர்மின். அதைச் சுருட்டும் ஹிஸ்டோன் புரதமோ நேர்மின். எட்டு ஹிஸ்டோன்கள் சேர்ந்த உருளையில் 147 எழுத்து நீள நூல் சுற்றிக்கொள்ளும். ஆனால் உடலில் உள்ள உப்பின் அளவில் இரண்டையும் குழாயில் நேரே கலந்தால் உருளை வராது, கட்டிதான் வரும்.

பிறகு எப்படி? 1978ல் இங்கிலாந்தில் ரான் லாஸ்கி குழுவினர் தவளை முட்டையில் விடை கண்டார்கள். ஒரு புரதம் ஹிஸ்டோனை அணைத்து, அதன் மின்னேற்றத்தை மறைத்து, நூலிடம் பக்குவமாக ஒப்படைக்கிறது. மணமகளை மணவறைக்கு அழைத்துவரும் தோழி மாதிரி! உயிரணு பிரியுமுன் நூல் இரட்டிக்கும். பழைய ஹிஸ்டோன்கள் இரு நூலுக்கும் பங்காகும். குறைவதற்குப் புதியவற்றை சிஏஎஃப்-1 என்ற இன்னொரு தோழி கொண்டு வருகிறது. எச்3, எச்4 முதலில். எச்2ஏ, எச்2பி பிறகு.

நம்மவர் கைவண்ணமும் இத்துறையில் உண்டு. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனை, 2009ல் நோபல் பெற்றுத் தந்த ரைபோசோமுக்காகவே பலர் அறிவர். கோழியின் சிவப்பணுவில், சுற்றிய நூலுக்குப் பூட்டுப்போல் அமரும் எச்5 ஹிஸ்டோனின் மையப்பகுதி வடிவத்தை 1993ல் அவரும் சகாக்களும் வெளியிட்டார்கள்.

இனி அந்தச் சிறுவன் விஷயம். 2012ல் ஆய்வாளர்கள், பிள்ளைகளின் மூளைத்தண்டுக் கட்டிகள் பலவற்றில் எச்3.3 என்ற ஹிஸ்டோன் பிசகியிருப்பதைக் கண்டார்கள். 27ஆம் இடத்தில் லைசின் இருக்க வேண்டும், மெத்தியோனின் இருந்தது. ஒரே ஒரு மணி மாறிய மாலை. அதையும் தோழிகள் நல்லதென்றே நூலில் கொண்டு சேர்க்கின்றன. அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்களின் கட்டு அதனால் குலைகிறது.

இந்தப் பிசகு தாய் தகப்பனிடமிருந்து வந்ததல்ல. வளரும் மூளையின் ஏதோ ஓர் உயிரணுவில் புதிதாக நேர்ந்தது.