கருவில் அசையும் உயிர்

(மகாவீரர் ஜெயந்தி விழாவின் மகளிர் அரங்கில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழாக் குழுவினர் என்னைத் தாய்மையும் சமண அறமும் என்னும் பொருளில் பேசுமாறு பணித்தனர். அது பெரிய கடல். அறம் உரைக்க இங்கே என்னினும் கற்றோர் பலர் உள்ளனர். ஆகவே என் தொழிலுக்கு உட்பட்ட ஒரு சிறு துறையில் மட்டும் இறங்க இசைவு கேட்டுப் பெற்றேன். கருவுற்ற பெண்ணின் கடைசி மூன்று மாதங்களில், வயிற்றிலுள்ள குழந்தை ஓயாது அசைவதைப் பற்றியே பேச விரும்புகிறேன். இத்திருநாளுக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று வியப்போர்க்குச் சற்றுப் பின்னர் விடை கூறுவேன்.

எட்டாம் மாதத்தில் என்னிடம் வரும் பெண்களுள் பலர் கூறும் முறையீடு ஒன்றே. "இரவெல்லாம் உதைக்கிறதம்மா. விலா எலும்பின் கீழே காலை ஊன்றிக்கொண்டு எழுந்து நிற்பதுபோல் இருக்கிறது. சில வேளை கீழே ஊசியால் குத்துவதுபோல் சுருக்கென்கிறது. உடம்புக்கு ஏதேனும் கோளாறா?" உடன் வந்த மாமியார் சிரிப்பார். வலப்பக்கம் உதைத்தால் ஆண், இடப்பக்கம் உதைத்தால் பெண் என்பார் ஒருவர். இவ்வளவு துள்ளினால் கொடி சுற்றிக்கொள்ளுமே என்று அஞ்சுவார் மற்றொருவர். பிறந்த பின் வீட்டையே இரண்டாக்கும் பிள்ளை என்று குறி சொல்வார் வேறொருவர்.

இவற்றுள் முதலாவதற்கு அடிப்படை ஏதும் இல்லை. கொடி சுற்றுதல் என்பது பெரும்பாலோர் எண்ணுவதைவிட மிக இயல்பானது. பிறக்கும் குழந்தைகளுள் நூற்றுக்கு இருபது முப்பது பேருக்குக் கழுத்தில் கொடி ஒரு சுற்றேனும் இருக்கும். அவர்களுள் மிகப் பலர் எவ்விதத் தீங்கும் இன்றிப் பிறக்கின்றனர். அசைவைக் கண்டு அஞ்சி அதை அடக்க முயல வேண்டியதில்லை; அடக்கவும் நம்மால் ஆகாது. மூன்றாவதைப் பற்றி உறுதியாக எதுவும் கூற இயலாது.

குழந்தை ஏன் அசைகிறது? ஏழெட்டு வாரத்திலேயே கரு அசையத் தொடங்கிவிடுவதை ஸ்கேன் கருவியில் காண்கிறோம். தாய் அதை உணர்வது முதற்பேற்றில் 18 முதல் 20 வாரம் அளவில். அசைவு அந்தச் சிற்றுயிருக்கு விளையாட்டன்று, உழைப்பு. கை கால்களை நீட்டி மடக்குவதால்தான் மூட்டுகள் இளகுகின்றன, தசை வலுக்கிறது, எலும்பு உரம் பெறுகிறது. மூச்சிழுப்பது போன்ற அசைவால் நுரையீரல் வளர்கிறது. ஏதோ ஒரு குறையால் அசைய இயலாது போன கருவுக்கு மூட்டுகள் இறுகிவிடுவதையும் நாங்கள் கண்டதுண்டு.

நம் ஆகமங்கள் இதனை வேறொரு மொழியில் பேசுகின்றன. கருவில் புகுந்த உயிர் முதலில் ஆகாரத்தை ஏற்று, பின் உடல், பொறிகள், மூச்சு, மொழி, மனம் என ஆறு பரியாப்திகளை நிறைவிக்கத் தொடங்குகிறது என்றும், அந்த ஆற்றல்கள் ஒரு முகூர்த்தமாகிய 48 நிமிடத்துக்கு உள்ளாகவே நிறைவு பெறுகின்றன என்றும் நம் ஆசாரியர்கள் கூறுவர். உயிர்க்குரிய பத்துப் பிராணங்களுள் காய பலமும் ஒன்று. மருத்துவ நூலையும் ஆகமத்தையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடுவது என் வழக்கமன்று. இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கு விடை தேடுவன. எனினும் உள்ளே இருப்பது தானே முயலும் ஓர் உயிர் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று என்பதற்காகவே சொன்னேன்.

28ஆம் வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள குழந்தை, 40ஆம் வாரத்தில் இரண்டரை மூன்று கிலோ ஆகிறது. சூழ்ந்துள்ள பனிக்குட நீரோ 34 வாரம் அளவில் சுமார் 800 மில்லி லிட்டராக உச்சம் எய்திப் பின் குறையத் தொடங்குகிறது. வளர்ந்த உடல், சுருங்கும் இடம். ஆகவே முன்பு மீன் துள்ளுவதுபோல் இருந்தது, இப்போது புரள்வதும் அழுத்துவதும் உந்துவதுமாக மாறும். வயிற்றின் மேல் ஒரு முழங்கை ஊர்ந்து செல்வதைக் கண்ணாலேயே காணலாம். இரவில் மிகுதியாகத் தோன்றுவதற்கும் காரணம் உண்டு. பகலில் தாயின் நடையே தொட்டிலாகிறது. வேலையின் நடுவே சிற்றசைவுகள் அவள் கருத்துக்கு எட்டுவதும் இல்லை. மாலையிலும் இரவிலும் குழந்தையின் இயக்கம் இயல்பாகவே கூடுகிறது.

நம் வீடுகளில் மட்டும் கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. பொழுது சாயுமுன் உண்டுவிடுகிறோமே, பசியால்தான் குழந்தை நள்ளிரவில் உதைக்கிறதோ என்று கேட்பார்கள். இல்லை. குழந்தைக்குரிய உணவு நச்சுக்கொடியின் வழியே இடையறாது சென்றுகொண்டே இருக்கிறது; வேளை பார்த்து வருவதன்று. ஆனால் சர்க்கரை நோய்க்கு மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்ளும் கருவுற்ற பெண், தன் இரவுண்ணா விரதத்தை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். மறைப்பதால் விரதம் மேம்படுவதில்லை. தீர்த்தங்கரத் தன்மைக்குக் காரணமாகிய பதினாறு பாவனைகளுள்ளும் ஆற்றலுக்கேற்ற தவம் என்றே கூறப்பட்டுள்ளது. ஆற்றலை மீறிய தவம் அப்பட்டியலில் இல்லை.

இதுவரை கூறியது மகிழ்ச்சியான பாதி. மற்றப் பாதியை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும்.

பல்லாண்டுகளுக்கு முன், தொழிலில் புதியவளாக இருந்த காலம். முதற்பேற்றில் 33 வாரமான இளம்பெண் ஒருத்தி வந்தாள். குழந்தை ஓயாமல் துள்ளுகிறது என்றாள்; உறங்க முடியவில்லை என்று கண் கலங்கினாள். பரிசோதித்தேன், எல்லாம் நன்றாக இருந்தன. "துள்ளும் பிள்ளை நலமான பிள்ளை. இதற்கெல்லாம் மருத்துவரைத் தேடி ஓடி வரலாமா?" என்று சிரித்தேன். அவளும் வெட்கத்துடன் சிரித்தாள். அடுத்த முறைகளில் அவள் அசைவைப் பற்றிப் பேசவே இல்லை.

37ஆம் வாரத்தில் ஒரு மாலை, அசைவு மிகவும் குறைந்ததை அவள் உணர்ந்திருக்கிறாள். வீட்டுப் பெரியவர் ஒருவர், "தலை இறங்கிவிட்டது. பிள்ளை அடங்கிவிட்டது. வலி வரப்போகிறது" என்று நல்லெண்ணத்தோடு தேற்றியிருக்கிறார். நெடுநாளுக்குப் பின் அவள் அன்றிரவு நன்றாக உறங்கினாளாம். மறுநாளும் காத்திருந்தாள். அதற்கும் மறுநாள் என்னிடம் வரவேண்டிய முறைநாள். ஆகவே அன்றே வந்தாள். நான் கருவியை வயிற்றில் வைத்தேன். இதய ஒலி இல்லை.

ஏன் முன்னரே வரவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன விடை கூறியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் நான் கூறியதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் பாதியை மட்டுமே கூறியிருந்தேன். முன்னரே வந்திருந்தால் அக்குழந்தை பிழைத்திருக்கும் என்றும் என்னால் உறுதி கூற இயலாது. அந்த உறுதியின்மை இன்றும் என்னோடு இருக்கிறது.

பேறு நெருங்கினால் குழந்தை அடங்கிவிடும் என்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் சொல். அது பிழை. அசைவின் வகை மாறலாம். அளவு குறையக் கூடாது. 32 வாரம் அளவில் அசைவு ஒரு நிலையை எய்தி, வலி தொடங்கும் வரையிலும், வலியின் போதும் தொடர வேண்டும். குழந்தை உறங்கும் நேரம் 20 முதல் 40 நிமிடம். ஒன்றரை மணி நேரத்தைக் கடப்பது அரிது. ஐயம் எழுந்தால் இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்து, வேறெதிலும் கருத்தைச் செலுத்தாமல் எண்ணுங்கள். 2 மணி நேரத்தில் 10 அசைவுகள் தெரியவில்லையெனில், அது நள்ளிரவானாலும் விழா நாளானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். குளிர்ந்த பழச்சாறு குடித்துப் பார்ப்போம், விடிந்ததும் போவோம் என்று பொழுதைக் கழிக்க வேண்டா. வீட்டிலேயே இதய ஒலி கேட்கும் சிறு கருவிகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. ஒலி கேட்கிறது என்பதால் குழந்தை நலம் என்று பொருளன்று. அதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

எண்ணிக்கையினும் மேலானது ஒன்று உண்டு. ஒவ்வொரு குழந்தைக்கும் தனக்கென ஒரு நடை உண்டு. அதை அறிந்தவள் தாய் ஒருத்தியே. ஓயாது துள்ளும் குழந்தை 2 மணி நேரத்தில் 10 முறை மட்டும் அசைந்தால், கணக்குப்படி அது சரி. ஆனால் அவளுக்கு அது பெருங்குறைவு. அதையும் வந்து சொல்ல வேண்டும். அதுபோலவே, வழக்கத்துக்கு முற்றிலும் மாறாக, ஒரே ஒரு முறை வெறிகொண்டதுபோல் துள்ளிவிட்டுப் பின் அமைதியானாலும் வரவேண்டும். நாள்தோறும் துள்ளும் குழந்தை அன்றும் துள்ளினால் அஞ்ச வேண்டியதில்லை.

இனி முன்பு வாக்களித்த விடை. மகாவீரர் தாயின் வயிற்றில் இருந்த காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கல்பசூத்திரம் கூறுகிறது. அது நம் சுவேதாம்பரச் சகோதரர்கள் பர்யூஷணத்தில் ஓதும் நூல். நம் திகம்பர மரபில் இந்நிகழ்ச்சி கூறப்படுவதில்லை. பிரியகாரிணித் தேவியார் கண்ட பதினாறு கனவுகளும் கர்ப்ப கல்யாணமுமே நமக்குரியவை. பிற மரபின் கதையை இம்மேடையில் எடுத்தாள்வதைப் பெரியோர் பொறுத்தருள வேண்டும்.

மதி, சுருதம், அவதி என்னும் மூவகை ஞானத்தோடு கருவில் இருந்த பெருமான், தம் அசைவு அன்னைக்கு வலி தருமே என்று இரங்கி அசையாதிருந்தாராம். கருணையால் நிகழ்ந்தது அந்த அமைதி. ஆனால் அன்னை திரிசலைக்கு அது எவ்வாறு தோன்றியது? முன்பு அசைந்தது இப்போது அசையவில்லையே, என் கரு அழிந்ததோ, நழுவியதோ, எவரேனும் கவர்ந்தனரோ என்று அவர் கன்னத்தில் கை வைத்து, தரையை நோக்கியபடி துயரில் ஆழ்ந்தார். அரண்மனையில் மத்தளமும் யாழும் ஓய்ந்தன. அதை அறிந்த பெருமான் தம் உடலின் ஒரு பகுதியைச் சற்றே அசைத்தார். அன்னையின் முகம் மலர்ந்தது. என்னைக் காணுமுன்பே இத்தனை அன்பு கொண்ட பெற்றோர் உயிரோடு உள்ளவரை துறவு பூணேன் என்று அப்போதே அவர் உறுதி கொண்டார் என்பது அந்நூலின் கூற்று. பெற்றோர் மறைந்த பின்னரே, தமையனார் நந்திவர்த்தனரின் இசைவையும் பெற்று, 30ஆம் வயதில் துறவு மேற்கொண்டார் என்றும் அது உரைக்கிறது.

இக்கதையைச் சொல்வோர் பெரும்பாலும் பெருமானின் கருணையைப் போற்றி நிறுத்திக்கொள்வர். மகப்பேறு மருத்துவராகிய என் கண் வேறிடத்தில் நிற்கிறது. திரிசலை எண்ணிக்கை எதையும் கொண்டு அறியவில்லை. மாற்றத்தைக் கொண்டு அறிந்தார். அறிந்ததை உள்ளே வைத்துப் புழுங்கவில்லை. அவர் துயருற்றதும் ஓர் அரண்மனையே தன் இசையை நிறுத்திற்று. உனக்கு வீண் கற்பனை, பேசாமல் படுத்துறங்கு என்று அங்கே ஒருவரும் கூறியதாக இல்லை.

நம் திருத்தக்கதேவர் படைத்த விசயையை எண்ணிப் பாருங்கள். நிறைகருவோடு மயிற்பொறி ஏறி, சுடுகாட்டில் இறங்கி, அங்கே சீவகனைப் பெற்றாள். அந்நிலையிலும் அவளைத் தனியே விடக் கவியுள்ளம் ஒப்பவில்லை; தெய்வம் ஒன்று தோழி வடிவில் வந்து துணை நின்றதாகப் பாடினார். இன்று அத்தோழியின் இடத்தில் கணவர் இருக்கலாம், அத்தை இருக்கலாம். "குழந்தை இன்று எப்படி அசைகிறது?" என்று நாள்தோறும் ஒரு முறை கேட்பதற்கு மருத்துவக் கல்வி வேண்டியதில்லை.

குழந்தையை இழந்த அப்பெண் இரண்டாண்டு கழித்து மீண்டும் கருவுற்றாள். வேறு மருத்துவரிடம் செல்வாள் என்றே நினைத்தேன், என்னிடமே வந்தாள். இம்முறையும் துள்ளும் குழந்தைதான். 30ஆம் வாரத்துக்குப் பின் நான்கு முறை இரவில் ஓடி வந்தாள். நான்கு முறையும் இதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்த்தோம். நான்கு முறையும் நலமென்று அனுப்பினோம். நான்காம் முறை, இரவு இரண்டு மணி இருக்கும், வீணாகத் தொல்லை தருகிறேன் என்று மன்னிப்புக் கேட்டாள். ஐந்தாம் முறையும் வரவேண்டும் என்றேன். இம்முறை நான் சிரிக்கவில்லை.

38ஆம் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். ஓரிடத்தில் அரை நாழிகை உட்காருவதில்லை, எல்லாம் வயிற்றில் இருந்தபோதே தெரிந்ததுதான் என்று அண்மையில் தாய் குறைப்பட்டுக்கொண்டாள். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டென்று உறுதியாகக் கூற இயலாது என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

 மதிய உணவு வரை மண்டபத்தின் பின்னறையில் இருப்பேன். கேட்க விரும்பும் சகோதரிகள் தயங்காமல் வரலாம்.